செவ்வாய்க் கிரகத்துத் தண்ணி லாரி

குரு என்றதும் தாடி, தண்டம், ஆலமரம் என்று தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜெசிந்தா. திருச்சி தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுக்கு ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வகுப்பு நடக்கும். பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, கையடக்கமான வண்டியாக்குவது எப்படி என்பதுதான் பாடம்.

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் துரைக்கண்ணு. பாய்லர் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தில் இருப்பது பொருளில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் சரி, இல்லையென்றால் ரிஜெக்ட். ஆயுசு முழுக்க இதுதான் வேலை.

ஓய்வு பெற்றதும் மனுஷர் வீட்டில் ஆரம்பித்துவிட்டார். தோசை வட்டமாக இல்லை. கொடியில் போட்ட வேட்டி கோணல். சாம்பாரில் நேற்றைய சாம்பாரின் நிறம் இல்லை. மனைவி கமலவேணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அந்த ஜெராக்ஸ் கடை மாடியில என்னமோ சொல்லித் தர்றாங்களாம். போயி அங்க குறை கண்டுபிடிங்க சாமி" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் ஜெசிந்தா மேசை மேல் நாலைந்து பெட்டிகளை வைத்தாள். விமானம், பீரங்கி வண்டி, கப்பல். கடைசியில் ஒரு கற்பனை வண்டி. உலகத்தில் எங்கேயும் ஓடாதது. செவ்வாய்க் கிரகத்தில் மனுஷர்கள் குடியேறிய பிறகு, அங்கே பனிக்கட்டியை வெட்டி உருக்கி ஊருக்குத் தண்ணீர் கொண்டு போகுமாம். ஆறு சக்கரம், முதுகில் பெரிய தொட்டி, கறுப்புக் கண்ணாடி போட்ட கேபின்.

துரைக்கண்ணு அதை எடுத்தார்.

"ஏன் சார் இது?"

"தொட்டி இருக்கு. பாய்லர் மாதிரி."

"சரி, ஆரம்பிங்க."

அவர் ஆரம்பித்த லட்சணத்தைக் கேளுங்கள். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றொன்றாக நறுக்கி எடுக்க வேண்டும். அவர் நறுக்கும் முன்பே ஸ்கேல் வைத்து அளந்து, மூன்று பாகம் சரியில்லை என்று தள்ளிவைத்தார்.

"டீச்சர், இது ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் பண்ணிட்டு எதை ஒட்டுவீங்க?"

"கம்பெனிக்கு எழுதிப் போடலாம்."

"அவங்க பதில் போடறதுக்குள்ள செவ்வாயிலேயே குடியேறிடலாம் சார். உப்புத்தாள் வெச்சுத் தேய்ங்க."

தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒழுங்கு ஒழுங்கு என்று அலைகிறவர்கள் ஒழுங்கிலேயே வழுக்கி விழுவார்கள். சக்கரம், அச்சு, ஏணி, குழாய் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக, ஓரம் விடாமல் பெயிண்ட் அடித்துக் காயவைத்து அடுக்கிவிட்டார். அப்புறம் பசை போட்டு ஒட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தூக்கினால் ஆறு சக்கரமும் மேசையிலேயே நின்றன.

துரைக்கண்ணுவின் முகம் சுண்டிப்போனது.

"பசை சரியில்ல."

"பசை நல்ல பசைதான். இது மேலாக்க ஒட்டுற பசை இல்ல சார். பிளாஸ்டிக்கை உருக்கி ஒண்ணோட ஒண்ணு சேர்த்துவிடும். நீங்க நடுவுல பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டீங்க. ஒட்டுற இடத்தைச் சுரண்டுங்க."

"அழகா அடிச்சிருக்கேனே."

"அழகு அங்க வேலைக்கு ஆகாது. சுரண்டுங்க."

முனகிக்கொண்டே சுரண்டினார். சக்கரங்கள் ஒட்டி நின்றன.

அதன் பிறகுதான் நிறத்துக்கு வந்தார்கள். பெட்டி மேலே ஒரு படம் அச்சாகியிருந்தது. செக்கச்செவேல் என்ற மணல்மேட்டில் சாம்பல் நிற வண்டி. பக்கத்தில் வெள்ளைக் கோடு, வேற்றுமொழி எழுத்து, ஒரு எண். துரைக்கண்ணு அந்தச் சாம்பலைப் பிடிக்க உட்கார்ந்தார். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தார். துளி நீலம் விட்டார். படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், கொட்டுவார். மறுபடி கலப்பார். வகுப்பில் மற்றவர்கள் வண்டியை முடித்து அடுத்த பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். இவர் சாம்பலிலேயே கிடந்தார்.

"டீச்சர், இது சரியான சாம்பலா?"

ஜெசிந்தா பெட்டி மூடியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பின்னாலேயே அவரும் போனார். வெயிலில் அந்தச் சாம்பல் வெளிறிப்போய் இருந்தது. படிக்கட்டு நிழலில் பிடித்தாள், நீலம் தட்டியது. உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே பச்சை பாய்ந்தது.

"இதுல எந்தச் சாம்பல் சார்?"

அவர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அத விடுங்க. இந்த வண்டி என்ன வேலை பாக்குது?"

"தண்ணி கொண்டு போகுது."

"யாரு ஓட்டுறா?"

"அது படத்துல இல்லையே. கண்ணாடிதான் கறுப்பா இருக்கே."

"படத்துல இல்லன்னு எனக்கும் தெரியும்" என்றாள் ஜெசிந்தா. "யாரு ஓட்டுறான்னு கேட்டேன்."

துரைக்கண்ணுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கலந்து வைத்த சாம்பலை அப்படியே மூடி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சின்னப்பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"என் தம்பி ஓட்டுறான் டீச்சர்."

"உள்ள வாங்க. உக்காந்து சொல்லுங்க."

உட்கார்ந்து சொன்னார். தம்பி பெயர் மதியழகன். லால்குடியில் இருக்கிறான். சின்ன வயதில் குவைத்துக்குப் போனவன், நரை விழுந்துதான் திரும்பி வந்தான். அங்கே அவனுக்குத் தண்ணி லாரி. பாலைவனத்துக்குள் ரோடு போடுகிறவர்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் குடிக்கத் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. லாரி வருகிற புழுதி தெரிந்ததும் அவனவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குவானாம். அந்த லாரியில் கம்பெனி பெயர் இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது. ஓட்டுகிறவன் பெயர் எங்கேயும் இல்லை.

"ஒரு தடவை கதவு மேல சின்னதா அவன் பேரைத் தமிழ்ல எழுதி வெச்சிருக்கான். கட்டை விரல் அகலம்கூட இருக்காதாம். மேஸ்திரி பாத்துட்டு, எல்லார் முன்னாடியும் கிழிஞ்ச துணியும் பெட்ரோலும் கொடுத்து அவன் கையாலயே அழிக்க வெச்சிருக்கான். இது உங்கப்பன் வண்டியா, கம்பெனி வண்டின்னு."

ஜெசிந்தா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"இதை என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான் டீச்சர், பல வருஷம் முன்னாடி. நான் அன்னிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? ரூல்னா ரூல்தான்டான்னேன்." மேசையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து மடித்தார். "நீங்க கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. செவ்வாய்க்குப் போனாலும் தண்ணி சுமக்க எவன் போவான்? மதியழகன் மாதிரி ஒருத்தன்தான் போவான். அங்கயும் அவன் பேரு இருக்காதா?"

"என்கிட்ட கேக்குறீங்களா, வண்டிகிட்ட கேக்குறீங்களா?"

துரைக்கண்ணு சாம்பல் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து பார்த்தார். குப்பைத் தொட்டியில் போட்டார்.

"மஞ்சள் இருக்கா டீச்சர்?"

இருந்தது. தொட்டிக்கு மஞ்சள் அடித்தார். நம்ம ஊர்த் தெருவில் காலையில் குடத்தோடு சனங்கள் தண்ணி லாரியைத் துரத்திக்கொண்டு ஓடுமே, அந்த மஞ்சள். அதன் மேல் நீலத்தில் 'குடிநீர்' என்று எழுதினார். முன்பக்க பம்பரில் திருஷ்டிக்கு இரண்டு கண் வரைந்தார். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இழுத்தால் நூல் மாதிரி வரும். அந்த நூலைப் பச்சையாக்கி நறுக்கி மிளகாய் செய்தார். விரிசல் அடைக்கிற புட்டி மாவை உருட்டி ஓர் எலுமிச்சம்பழமும் செய்து கோத்துக் கட்டித் தொங்கவிட்டார். பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஒழுகின கறை. நம் தண்ணி லாரி எது ஒழுகாமல் போயிருக்கிறது? சக்கரத்துக்கும் வயிற்றுக்கும் செங்கல்லை உரசிச் சலித்த சிவப்புப் புழுதி.

"செவ்வாய்ல தண்ணி ஒழுகினா அப்பவே உறைஞ்சிடும் சார்" என்றான் வகுப்பில் ஒருவன்.

"உறையட்டும். ஒழுகுறத நிறுத்த முடியாது" என்றார் துரைக்கண்ணு. வரைபடத்தைத் தாண்டி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டார். கடைசியாக, நாலைந்து மயிர் மட்டும் விட்டு நறுக்கின பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்: மதியழகன்.

ஜெசிந்தா பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"ம்" என்றாள். அவளிடம் 'ம்' வாங்குவது லேசில்லை.

அந்த மாதக் கடைசியில் கண்காட்சி, பரிசுப் போட்டியோடு. உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் தங்கள் வண்டிகளைத் துணி சுற்றி, டப்பாவில் அடைத்து, குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். துரைக்கண்ணுவின் வண்டி பெரியவர்கள் மேசையில், நல்ல வெளிச்சத்தில் நின்றது. அவர் காலையிலேயே தம்பிக்குப் போன் போட்டிருந்தார்.

"மத்தியானம் வந்துடு. ஒண்ணு காட்டணும்."

"என்னண்ணே?"

"வாடா, சொல்றேன்."

நடுவராக வந்தவர் ரகுநந்தன், சென்னைக்காரர். இந்த வேலையில் கரை கண்டவர், அதையும் சொல்ல வேண்டும். டார்ச் அடித்து வண்டியின் அடிவயிறு வரை பார்த்தார். ஒட்டின இடத்தில் கோடு தெரிகிறதா என்று நகத்தால் தடவினார். தெரியவில்லை.

"பிரமாதம் சார். ஒரு ஒட்டு தெரியல. இந்தப் புழுதி என்ன, செங்கல்லா?"

"ஆமா சார்."

"பிரமாதம். இந்த மேசையிலயே இதுதான் நல்ல வேலை." அப்புறம் அவர் கண் எழுத்துக்கு வந்தது. குனிந்து வாசித்தார். சிரித்துவிட்டார். "என்ன சார், கடைசியில காமெடி பண்ணிட்டீங்க?"

"காமெடி இல்ல சார்."

"செவ்வாய்ல குடிநீரா? மிளகாய், எலுமிச்சம்பழமா? அந்தக் காலத்துல, அந்த இடத்துல, தமிழ் எங்க சார் இருக்கப்போகுது?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். தமிழில்தான் சிரித்தார்கள், வேறெதில் சிரிப்பார்கள்?

ரகுநந்தன் தோளில் கை போட்டார். கெட்ட மனுஷர் இல்லை, நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு பேசினார். "சார், விதியிலேயே போட்டிருக்கு. பெட்டியில இருக்கிற படத்தோட ஒத்துப்போகணும். மஞ்சள் இருந்துட்டுப் போகட்டும், நான் பாத்துக்கறேன். அந்த எழுத்தையும் மிளகாயையும் மட்டும் எடுத்துடுங்க. பேருக்கு அடியில வார்னிஷ் இருக்கு, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் தொட்டு இழுத்தா வந்துடும். பெட்டியில வந்த ஸ்டிக்கரை ஒட்டிடுங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான், இப்பவே சொல்றேன்."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி..." ரகுநந்தன் மண்டபத்தின் மூலையைக் காட்டினார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கான மேசை. 'வேடிக்கைப் பகுதி' என்று காகிதம் ஒட்டியிருந்தது. "அங்க வெச்சுடலாம். சாப்பிட்டு வந்து பாக்கறேன். யோசிங்க."

துரைக்கண்ணு விதித் தாளை எடுத்து வாசித்தார். அந்த ஆள் சொன்னது சரி. அச்சில் இருந்தது. படத்தோடு ஒத்துப்போக வேண்டும். எத்தனை பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்? டிராயிங்கில் இல்லை, எடுத்துட்டுப் போ. வெல்டர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். மனுஷர் மசிந்ததில்லை. இப்போது டிராயிங்கில் இல்லாத ஒரு பெயர் அவர் கையால் எழுதப்பட்டு அவர் முன்னால் நிற்கிறது. லால்குடி பஸ் இந்நேரம் கிளம்பியிருக்கும். தம்பி வந்து பார்க்கும்போது கதவில் பெயர் இருக்குமா, ஸ்டிக்கர் இருக்குமா?

ஜெசிந்தா பக்கத்து மேசையில் யாருடைய விமானத்துக்கோ உடைந்த வாலை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனார்.

"டீச்சர், அழிச்சிடவா?"

ஜெசிந்தா தன் பையைத் திறந்தாள். தின்னர் பாட்டிலையும் ஒரு பஞ்சுக் குச்சியையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

துரைக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களே கொடுக்கிறீங்க?"

"கேட்டீங்க, கொடுத்தேன்."

"வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் வேணாம்னு சொன்னா, என் பேச்சக் கேட்டு நிறுத்துவீங்க. அவர் அழின்னு சொன்னா, அவர் பேச்சக் கேட்டு அழிப்பீங்க. உங்க பேச்ச எப்பத்தான் சார் கேப்பீங்க?"

"விதி இருக்கே டீச்சர்."

"இருக்கு. நானும் வாசிச்சேன்."

"அப்ப?"

ஜெசிந்தா விமானத்தின் வாலை விரலால் அழுத்திப் பிடித்தபடியே சொன்னாள். "அப்ப ஒண்ணு செய்ங்க. உங்க தம்பி வரட்டும். அந்தப் பஞ்சை அவர் கையில கொடுங்க. அவருக்குத்தான் அழிச்சுப் பழக்கம்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.   அழுகையா ஆத்திரமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

பாட்டிலையும் குச்சியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே சாப்பாட்டு இடத்துக்குப் போனார். ரகுநந்தன் தயிர்சாதத்தில் இருந்தார்.

"சார், அழிக்க மாட்டேன்."

"யோசிச்சுட்டுச் சொல்லுங்க சார். முதல் பரிசு."

"யோசிச்சுட்டேன். நான் இன்ஸ்பெக்டர் சார். விதிப்படி இது ரிஜெக்ட், அத நானே ஒத்துக்கறேன், கையெழுத்து வேணும்னாலும் போடறேன். ஆனா பேரு கதவுலதான் இருக்கும்."

"ஒரு பொம்மை வண்டிக்கு இவ்வளவு வீம்பா சார்?"

"பொம்மைதானே சார்? அப்ப அதுல ஒரு பேரு இருக்கிறது உங்கள ஏன் இப்படி உறுத்துது?"

ரகுநந்தன் கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.  அப்புறம், "நீங்களே அந்த மேசைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார், கொஞ்சம் கடுப்பாக.

"எடுத்துட்டுப் போறேன்."

எடுத்துக்கொண்டு போனார். ஒளித்துக்கொண்டு ஓரமாகப் போகவில்லை. மண்டபத்தின் நடுவழியாக, இரண்டு கையிலும் ஏந்தி, கதவில் இருக்கிற பெயர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு போனார். சாமி புறப்பாட்டில்கூட அத்தனை நிதானம் இருக்காது. பெரியவர்கள் மேசையில் அவர் வண்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு வேறொரு சாம்பல் வண்டியைத் தள்ளிவைத்தார்கள்.

பிள்ளைகள் மேசையில் கூட்டம் கூடிவிட்டது. பெரியவர்கள் மேசையில் 'தொடாதே' என்று போட்டிருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

"ஏ, தண்ணி லாரிடா!"

"மிளகாய் பாரு, மிளகாய் பாரு!"

"மதியழகன்" என்று ஒரு சிறுமி வாசித்தாள். "யாரு இந்த மதியழகன்?"

"நான்தான் பாப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பஸ்ஸில் வந்த கசங்கல். மதியழகன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ, எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. கண் கதவிலேயே இருந்தது.

"நீங்கதான் டிரைவரா?"

"ஆமா."

"செவ்வாய்லயா?"

மதியழகன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா பாப்பா" என்றான். "செவ்வாய்லதான்."

சிறுமி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்பினாள். மதியழகன் குனிந்தான். துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். விரலை நீட்டினான், தொடவில்லை.

"அண்ணே, எம் பேரா?"

"வேற யாரு பேருடா?"

"தமிழ்ல எழுதியிருக்க."

"அப்புறம்?"

"இத எதுக்கு இந்த மூலையில கொண்டாந்து வெச்சிருக்க? அங்க வெளிச்சமா இருக்கே."

"அங்க வெக்கணும்னா உன் பேர அழிக்கணும்னாங்க. போடான்னுட்டு வந்துட்டேன்."

 அந்தச் சந்தோஷத்தை மதியழகனால் நின்று தாங்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு வண்டியை இந்தப் பக்கம் வந்து பார்த்தான், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். பம்பர் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். ஒழுகின கறையைப் பார்த்து, "வால்வு வாசரை மாத்தச் சொல்லுண்ணே" என்றான். மறுபடி கதவுக்கு வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"சொல்லு."

"இல்ல... நீ வலப்பக்கக் கதவுல எழுதியிருக்க. நான் ஓட்டினதெல்லாம் இடப்பக்கம் உக்காந்து. அந்த நாட்டுல எல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். இது கிளீனர் உக்கார்ற பக்கம்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அதனால என்ன, விடு. கிளீனரா இருந்துட்டுப் போறேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கின ஆனையின் முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துரைக்கண்ணுவின் முகம் அப்படி ஆகிவிட்டது. நடுவரிடம் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் ஒரு நொடியில் குன்றிப்போனார். ஊரில் லாரிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், கை பழக்கத்தில் அங்கேயே எழுதிவிட்டது. அத்தனை வருஷம் ஊரான் தப்பைப் பிடித்தவர், தன் தம்பி எந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனை பாலைவனத்தைக் கடந்தான் என்று கேட்கவே இல்லை.

சட்டைப் பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தார்.

"அண்ணே, என்ன பண்ற?"

"தப்புன்னா தப்புதான்டா."

"அண்ணே, அழிக்காதண்ணே." மதியழகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.  "தப்பான பக்கத்துலயே இருக்கட்டும். அழிக்க மட்டும் செய்யாத."

"அழிச்சுட்டு அந்தப் பக்கம் எழுதிடறேன்டா. சரியா எழுதிடறேன்."

ஜெசிந்தா அந்தப் பக்கமாக வந்தாள். துரைக்கண்ணு கையை விடுவித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். மூடி பாதி திறந்திருந்தது.

"டீச்சர், பக்கம் மாறிப்போச்சு. இவன் இடப்பக்கம் உக்காந்துதான் ஓட்டுவானாம். நான் வலப்பக்கம் எழுதிட்டேன். இது யாரோ சொல்லி அழிக்கிறது இல்ல, என் தப்பு. அழிச்சு எழுதிடவா?"

ஜெசிந்தா வண்டியைப் பார்த்தாள். மதியழகனைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கி மூடினாள்.

"செவ்வாய்ல இன்னும் ஒரு முழம் ரோடுகூடப் போடல சார். முதல்ல போறவர் எந்தப் பக்கம் உக்கார்றாரோ, அதுதான் டிரைவர் பக்கம்."